கடைமடைக்கு அப்பால்: முத்துப்பேட்டைக் கழியும் அலையாத்திக் காடும்

காவிரிப் படுகையில் ஊராட்சிக் கூட்டம் எங்கு நடந்தாலும், நீரைப் பற்றிய பேச்சு எழுந்த சிறிது நேரத்திற்குள் ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடும். “இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலில் போய்க் கலக்கிறதே!” என்பதே அது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆறுகள் இரு கரையும் தொட்டு ஓடும்போது இதைக் கேட்டால் எவருக்கும் ஆமெனத் தலையசைக்கவே தோன்றும். நானும் பல ஆண்டுகள் அவ்வாறு தலையசைத்தவனே. ஆனால் கடைமடைப் பகுதியில் பணியேற்று, அந்த நீர் கடலில் கலப்பதற்கு முன் எங்கே தங்குகிறது, தங்கிய இடத்தில் யாது செய்கிறது என்பதை நேரில் கண்ட பின்னர், ‘வீண்’ என்னும் சொல்லை அவ்வளவு எளிதாக வழங்க எனக்கு நா எழுவதில்லை. அத்தகைய இடங்களுள் ஒன்றான முத்துப்பேட்டைக் கழியைப் பற்றி, ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் தெரிந்துகொள்ள வேண்டுவன சிலவற்றை இங்கே எழுத விரும்புகிறேன்.

கழியின் அமைப்பு

தமிழ்நாட்டின் கடற்கரை சென்னையிலிருந்து தெற்கு நோக்கி ஏறக்குறைய நேராக வந்து, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்திற்கும் அதிராம்பட்டினத்திற்கும் இடையே, திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில் முத்துப்பேட்டை அமைந்துள்ளது. இங்குள்ள கரை கிழக்கே வங்கக் கடலைப் பார்ப்பதன்று. தெற்கே பாக்கு நீரிணையைப் பார்ப்பது. எதிரே இலங்கைத் தீவு இருப்பதாலும், நீரிணை ஆழம் குறைந்ததாக இருப்பதாலும், நாகப்பட்டினத்தில் மோதும் அலைகளைப் போன்ற பேரலைகள் இக்கரையில் மோதுவதில்லை. அலை அடங்கிய இடத்தில் வண்டல் படியும். வண்டல் படிந்த இடத்தில் சதுப்பு நிலம் உண்டாகும். ஆறுகள் பல நூற்றாண்டுகளாகக் கொணர்ந்து சேர்த்த களிமண்ணின்மீதே இக்கழியும் காடும் நிற்கின்றன.

அவ்வாறுகள் எவை? தஞ்சை, திருவாரூர் மாவட்டத்து உழவர்க்கு அவற்றின் பெயர்களைச் சொல்லித் தரவேண்டுவதில்லை. கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் மூன்றாகப் பகுக்கப்படுகிறது. அங்கே பிரியும் கோரையாறும் பாமணியாறும் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பகுதிகளின் வயல்களுக்கு நீர் வார்த்துவிட்டு, எஞ்சிய நீரோடும் வயல்களின் வடிநீரோடும் இக்கழியை வந்தடைகின்றன. கிளைதாங்கியாறு, கந்தப்பரிச்சான் ஆறு, மரைக்காக்கோரையாறு, வளவனாறு ஆகியவையும் இப்பகுதிச் சதுப்பிலேயே வந்து முடிகின்றன. ஆறென்று பெயர் பெற்றிருப்பினும், கடைமடையில் இவற்றுட் பல வடிகால்களாகவே தொழில் புரிகின்றன என்பதை உழவர்கள் அறிவர்.

இந்நீர் யாவும் சேருமிடம் ஒரு பரந்த காயல். ஊரார் அதனை ‘லகூன்’ என்றே வழங்குகின்றனர். அதன் பரப்பு சுமார் 1,700 ஹெக்டேர். பரப்பைக் கேட்டு ஆழத்தையும் பெரிதாக எண்ணிவிடலாகாது. பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் இறங்கி நடந்தே செல்லலாம். கோடையில் படகு தரைதட்டுவதும், படகிலிருப்போர் இறங்கித் தள்ளுவதும் அன்றாடக் காட்சி. காயலையும் அதனைச் சூழ்ந்த காட்டையும் சேற்றுத் திடல்களையும் சேர்த்தால், காப்புக்காடுகள் ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் வரும். இப்பகுதி, கோடியக்கரைச் சரணாலயத்தோடு சேர்ந்து, உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலமாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ் 2002-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

காயலுக்குக் கடலோடு தொடர்பு ஏற்படுத்துவது அதன் வாய். முகத்துவாரம் என்று நூல்களில் எழுதுகிறோம். நாள்தோறும் ஏற்றத்தின்போது கடல்நீர் இவ்வாயின் வழியே உட்புகுந்து, காயலில் பரவி, காட்டிலுள்ள ஓடைகளில் ஏறுகிறது. வற்றத்தின்போது வந்த வழியே வடிகிறது. இங்கே இந்த ஏற்றவற்றத்தின் உயரம் மிகச் சிறிது. முழங்கால் அளவைத் தாண்டுவது அரிது. இக்காட்டின் வாழ்வும் தாழ்வும் அந்தச் சிறிய அளவைப் பொறுத்தே அமைந்திருத்தலால், இதனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்குமாறு வேண்டுகிறேன். நிலம் ஒரு சாண் மேடானாலும் ஓதநீர் அங்கே ஏறுவதில்லை. ஒரு சாண் பள்ளமானாலும் ஏறிய நீர் இறங்குவதில்லை.

உப்பும் நன்னீரும்

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்து ஆறுகள் ஓடுங்காலத்தில் காயலின் உவர் பெரிதும் குறைந்து, சில நாள்களில் நீர் நன்னீரைப் போலவே ஆகிவிடும். தை கழிந்து ஆற்று வரத்து அற்றபின் உவர் படிப்படியாக ஏறும். சித்திரை, வைகாசியில் வெயில் நீரைக் குடிக்க, உப்பு மட்டும் தங்கி, காயல்நீர் கடல்நீரைக் காட்டிலும் கரிப்பாக இருப்பதும் உண்டு. இவ்வாறு ஆண்டுக்கொரு முறை நன்னீர் வந்து உப்பைக் கழுவிச் செல்வதாலேயே இங்கே மரமும் மீனும் நிலைக்கின்றன. வயலில் உவர் தட்டினால் நல்ல நீரைப் பாய்ச்சி வடிப்பது உழவர் கைக்கொள்ளும் முறையன்றோ? ஆறு கழிக்குச் செய்வதும் அதே வேலைதான்.

இது கழியோடு நின்றுவிடும் செய்தியுமன்று. கடைமடையில் ஆற்று நீர் கடலை நோக்கித் தள்ளும் வரையில் உப்புநீர் பின்வாங்கி நிற்கும். ஆற்றின் தள்ளுதல் ஓய்ந்தால் உப்புநீர் ஆற்றின் வழியே உள்ளே ஏறும். அதைத் தடுக்கவே கடைமடை ஒழுங்கிகள் கட்டப்பட்டுள்ளன. ஆயினும் மண்ணுக்கடியில் ஊறிவரும் உவரை எந்த ஷட்டரும் தடுப்பதில்லை. கடலோர ஊர்களில் முன்னர்க் குடிநீர் தந்த கிணறுகள் கரிக்கத் தொடங்கியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததும், மேலிருந்து நன்னீர் வந்து ஊறுவது குறைந்ததும் அதற்கான காரணங்களுள் முதன்மையானவை.

கடலுக்குச் செல்லும் நீருக்கு ஒரு பங்குண்டு என்பதை நாட்டின் உயர்ந்த மன்றங்களே ஏற்றுள்ளன. காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் வழங்கிய இறுதித் தீர்ப்பில், 740 டி.எம்.சி. நீரைப் பகிர்ந்தளித்தபோது, சுற்றுச்சூழலைப் பாதுகாக்க 10 டி.எம்.சி.யும், தவிர்க்கவியலாது கடலைச் சேரும் நீருக்காக 4 டி.எம்.சி.யும் ஒதுக்கி வைத்தது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அத்தீர்ப்பைத் திருத்தியபோதும் இவ்விரண்டு ஒதுக்கீடுகளைக் குறைக்கவில்லை. அவ்வளவு போதுமா என்பது வேறு கேள்வி. என் கருத்தைக் கேட்டால், அளவைவிட அந்நீர் எந்தக் காலத்தில் வருகிறது என்பதே பெரிது. மழைக்காலத்தில் நான்கு நாள் வெள்ளமாகப் பாய்ந்து போவதும், மாதக்கணக்கில் சிறுகச் சிறுக வருவதும் ஒன்றல்ல.

அலையாத்தி

இக்காட்டில் பலவகை மரங்கள் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அலையாத்தி என்னும் ஒரே மரமே. அலையை ஆற்றுவதால் இப்பெயர் வந்ததென்பர். ஆங்காங்கே தில்லை, நரிக்கண்டல், கழுதைமுள்ளி முதலியனவும், மேட்டில் உமரியும் காணப்படும். சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் ஓடைகளின் ஓரத்தே ஊன்றுகால்களைப் பரப்பி நிற்கும் சுரபுன்னை இங்கே மிகக் குறைவு. அம்மரத்தைக் காட்டிலும் அலையாத்தி மிகுந்த உப்பைத் தாங்கவல்லது. ஆகையால் உவர் மிகுந்த இக்கழியில் அது தனியரசு செலுத்துகிறது.

உப்பைத் தாங்கும் வகை எவ்வாறு? வேரே உப்பில் பெரும்பகுதியை உள்ளே விடாமல் வடிகட்டுகிறது. எஞ்சி உள்ளே நுழைந்ததை இலை வெளியேற்றுகிறது. கோடையில் ஓர் இலையைப் பறித்து நாவில் வைத்தால் உப்புக் கரிப்பதை எவரும் அறியலாம். இன்னொரு தொல்லை, சேற்றில் காற்றின்மை. அதற்கு இம்மரம் கண்ட வழி வியப்பானது: மண்ணுக்குள் கிடையாக ஓடும் வேர்களிலிருந்து விரற்கடை தடிமனுள்ள மூச்சுவேர்கள் மேல்நோக்கி முளைத்து, சேற்றுக்கு வெளியே தலைநீட்டிக் காற்றை வாங்குகின்றன. ஒரு மரத்தைச் சுற்றி இவை ஆயிரக்கணக்கில் நாற்று நட்டாற்போல் நிற்கும். இவை பல நாள் இடைவிடாது நீருக்குள் மூழ்கிக் கிடந்தால் மரம் மூச்சுத்திணறிப் பட்டுவிடும். ஆகவே ஓதநீர் வரவும் வேண்டும், வந்தது வடியவும் வேண்டும்.

இதன் விதையும் மற்ற விதைகளைப் போன்றதன்று. காயினுள் இருக்கும்போதே முளைவிடத் தொடங்கிவிடும். விழுந்தபின் நீரில் மிதந்து சென்று, தோலுரிந்து, ஈரமுள்ள சேறு கிடைத்த இடத்தில் சில நாள்களுக்குள் வேரூன்றும். மழைக்காலத்தில் உவர் குறைந்திருக்கும் நாள்களே இதற்கு உகந்தவை. இங்கும் ஆற்று நீரின் தேவை தெளிவாகிறது.

மீனும் பறவையும் பிறவும்

கழியை மீனவர்க்குரிய பொருளென்றே உழவர்களில் பலர் எண்ணுகின்றனர். கழியோ கடலின் நாற்றங்காலாகும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சு, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் பருவத்திலேயே, ஓதநீரோடு முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் வந்து சேருகிறது. அலையாத்தி வேர்களின் இடையிலே பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பி, அழுகிய இலைத்துகளையும் அதில் வாழும் நுண்ணுயிர்களையும் தின்று, சில மாதங்களில் வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்கிறது. கடலில் இழுவலையில் அகப்படும் இறாலில் ஒரு பகுதி இத்தகைய கழிகளில் வளர்ந்ததேயாம். மடவையும் கடலில் முட்டையிட்டுக் கழியில் வளர்வதே. கொடுவா, கழிக்குள் ஏறி வளர்ந்து, முட்டையிடும் பருவத்தில் முகத்துவாரத்தை நாடுகிறது. களிநண்டின் பெண், சினையோடு கடலுக்குச் சென்று முட்டை பொரித்தபின், குஞ்சுகள் திரும்பவும் கழிக்கு வருகின்றன. நாற்றங்கால் காய்ந்தால் நடவு ஏது என்பதை உழவருக்கு நான் விளக்கவேண்டுவதில்லை.

சேற்றில் பார்த்தால் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகள் கூட்டங்கூட்டமாக வளை தோண்டிக்கொண்டிருக்கும். அவ்வளைகளின் வழியே காற்றும் நீரும் மண்ணுக்குள் செல்கின்றன; மண்புழு வயலுக்குச் செய்வதை இவை கழிக்குச் செய்கின்றன எனலாம். நீரிலும் சேற்றிலும் மாறிமாறித் துள்ளும், பிதுங்கிய கண்களையுடைய சிறு மீனைக் குழந்தைகள் விரும்பிப் பார்ப்பர். காட்டோரத்தில் நரியும், ஓடைகளில் நீர்நாயும் உண்டு. நீர்நாய் கூட்டமாக மீனை வளைத்துப் பிடிப்பது. வலையைக் கிழிப்பதாக மீனவர் குறைகூறுவதும் உண்மையே. எனினும் மீனில்லாத ஓடையில் நீர்நாய் தங்காது. அது காணப்படும் வரையில் ஓடை கெடவில்லையென்று கொள்ளலாம்.

குளிர்காலத்தில் பறவைகள் வருகின்றன. பூநாரைகள் முட்டளவு நீரில் வரிசையாக நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரைச் சல்லடைபோல் அரித்துச் சிற்றுயிர்களை உண்ணும். ஊசிவால் வாத்தும், பலவகை உள்ளான்களும் வடதிசையின் குளிர்நாடுகளிலிருந்து வருபவை. கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், நத்தைகொத்தி நாரை ஆகியவை நம் நாட்டுப் பறவைகளே. முத்துப்பேட்டைக்கு வடக்கே உள்ள உதயமார்த்தாண்டபுரத்தில், மேட்டூர் நீரால் நிரம்பும் பாசன ஏரி ஒன்று பறவைகள் சரணாலயமாக உள்ளது. அங்கே கூடு கட்டும் நத்தைகொத்தி நாரை நம் வயல்களில் இறங்கி நத்தைகளைப் பொறுக்கித் தின்கிறது. ஏரி, வயல், கழி ஆகிய மூன்றையும் மக்களாகிய நாம் மூன்று துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். பறவைக்கு அப்பிரிவினை தெரியாது.

காடு ஏன் மீண்டும் தழைக்கவில்லை?

தஞ்சை மராட்டிய மன்னர் காலத்திலிருந்து இக்காடு சத்திரங்களின் உடைமையாக இருந்து, பின்பே வனத்துறையின் கைக்கு வந்தது. விறகுக்காகக் கூறு போட்டு வெட்டும் வழக்கம் 1970-ஆம் ஆண்டுகள் வரை நீடித்தது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு கூற்றை முற்றிலும் வெட்டிவிட்டு, அது தானே தழைத்துவிடும் என்று அடுத்த கூற்றுக்குச் செல்வார்கள். மலைக்காடுகளில் கையாளப்பட்ட முறையை, நிலத்தின் தன்மையை நோக்காது, சதுப்பிலும் கையாண்டதே பிழை. வெட்டப்பட்ட இடங்களிற் பல தழைக்கவே இல்லை.

காரணம் பின்னரே விளங்கியது. மரநிழல் அகன்றதும் களிமண் வெயிலில் காய்ந்து சுருங்கி, சுற்றுப்புறத்தைவிடத் தாழ்ந்து, தாம்பாளம் போல் குழிந்துவிட்டது. பெரிய ஓதத்தில் உட்புகுந்த நீர் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. ஆண்டுதோறும் உப்பு ஏற ஏற, விதை விழுந்தாலும் முளைக்கவில்லை, நட்டாலும் பிழைக்கவில்லை.

இவ்விடத்தில் என் சொந்தத் தவறொன்றையும் சொல்லிவிடுவது நலம். முன்னர் வேறொரு கடலோர ஒன்றியத்தில் பணியாற்றியபோது, கழியை ஒட்டிய புறம்போக்கில் இத்தகைய வெற்றுத் திடல் ஒன்று இருந்தது. அங்கே மரம் வளர்த்தால் ஊருக்கு நலமென்று எண்ணி, வேலைத் திட்டத்தின்கீழ் ஆள் சேர்த்து, நாற்றங்காலிலிருந்து கன்றுகளை வருவித்து, பங்குனி மாதத்தில் நட்டோம். நிதியாண்டு முடியுமுன் பணத்தைச் செலவிட்டாக வேண்டும் என்பதைத் தவிரப் பங்குனியைத் தேர்ந்தெடுக்க வேறு காரணமில்லை. புகைப்படம் எடுத்து அறிக்கையும் அனுப்பினேன். இரண்டு மாதத்தில் ஒரு கன்றுகூட எஞ்சவில்லை. அவ்வழியே வலையோடு சென்ற முதிய மீனவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “ஐயா, இங்கே வர்ற தண்ணி திரும்பிப் போறதில்லீங்க. போகாத தண்ணியிலே செடி எப்படிங்க நிக்கும்?” என்றார். நடுவதற்கு முன் அவரைக் கேட்டிருந்தால், அரசுப் பணமும் இருநூறு பேருடைய உழைப்பும் மிஞ்சியிருக்கும்.

முத்துப்பேட்டைப் பகுதி மீனவர் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்த ஒரு முறையை இங்கே விரித்துரைப்பது தகும். காயலிலிருந்து காட்டின் உட்பகுதிக்கு மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டுவர். ஏற்றத்தில் நீரோடு மீனும் இறாலும் உள்ளே ஏறும். வற்றத்தில் திரும்பும்போது வலையிட்டுப் பிடிப்பர். வாய்க்கால் தூர்ந்தால் கூடி நின்று தூர் வாருவர். மீனுக்காக வெட்டப்பட்ட இவ்வாய்க்கால்களின் இரு கரையிலும் அலையாத்தி தழைத்து வளர்ந்ததை அவர்கள் கண்டனர். நீர் வந்து போக வழியிருந்தால் மரம் நிற்கும் என்னும் உண்மை அவர்கள் கண்முன்னே எழுதப்பட்டிருந்தது.

1990-களின் பிற்பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊர்மக்களோடு சேர்ந்து காட்டைப் புதுப்பிக்க முற்பட்டபோது, இவ்வழியையே செம்மைப்படுத்திக் கையாண்டனர். இயற்கை ஓடையிலிருந்து வெற்றுத் திடலுக்குள் சாய்வாக ஒரு தலைவாய்க்கால் வெட்டப்படும். ஏறத்தாழ 3 மீட்டர் மேலகலமும் 1 மீட்டர் ஆழமும் கொண்டது. அதன் இருபுறமும், மீன்முள்ளைப் போல, சாய்வாகக் கிளைவாய்க்கால்கள் செல்லும். வாய்க்காலின் பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல் சரிவாக இருக்கும். ஓதநீர் நாள்தோறும் ஏறி இறங்க, சில காலத்தில் மண்ணிலுள்ள உப்புக் கழுவப்பட்டு ஈரம் நிலைக்கும். அதன்பின்னரே மழைக்காலத்தில் சரிவின் நடுப்பகுதியில் விதையோ கன்றோ ஊன்றப்படும். மிக மேலே ஊன்றினால் நீர் எட்டாது. அடியில் ஊன்றினால் மூழ்கும். வெற்றுத் திடல்களில் நல்ல பரப்பு இவ்வாறு மீண்டும் பசுமையாயிற்று. கிராமந்தோறும் ஆண், பெண் இருபாலாரும் உறுப்பினரான மன்றங்கள் அமைத்து, காட்டுக்குள் மாடுகளை விடாமல் காப்பதற்கும் வழி செய்தனர். கன்றின் தளிரை மாடு, ஆடுகள் விரும்பி மேய்வதால் இக்காவல் இன்றியமையாதது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். வாய்க்கால் வெட்டிய பின்னர் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவதற்கில்லை. வண்டல் படிந்து வாய்ப்பகுதி தூர்ந்தால், சில ஆண்டுகளில் பழைய நிலையே திரும்பும். நமது பாசன வாய்க்கால்களின் கதையும் இதுதான்; வெட்டுவதற்குக் கிடைக்கும் பணம் தூர்வாருவதற்குக் கிடைப்பதில்லை.

புயலும் இறால் பண்ணையும்

1952, 1955, 1977 ஆகிய ஆண்டுகளின் புயல்களைப் பழைய தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் வீசிய கஜா புயலை நாமே கண்டோம். பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. அலையாத்திக் காடும் தப்பவில்லை. இலையெல்லாம் உதிர்ந்து, கிளைகள் முறிந்து, தீப்பட்ட காடுபோல் நின்றது. புயலின் விசையைக் காடு தன்மேல் ஏற்றுக்கொண்டது என்பது மெய்யே. ஆயினும் காடு இருந்தால் புயல் சேதமே வராது என்று மேடைகளில் பேசுவது மிகை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது இக்கரையில் சேதம் குறைவாக இருந்ததற்கும், காட்டோடு, இலங்கையின் மறைவில் இக்கரை இருப்பதும் ஒரு காரணம். உள்ளதை உள்ளவாறு சொன்னாலே காட்டின் பெருமைக்குப் போதுமானது.

இறால் பண்ணைகளைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை. 1990-களில் அவை கட்டுக்கடங்காது பெருகியபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு டிசம்பர் 11-இல் தீர்ப்பளித்தது; 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கான சட்டம் இயற்றப்பட்டது. பண்ணைகள் பதிவு பெறவேண்டும். கழிவுநீரைச் சீர்செய்யாமல் ஓடையில் விடலாகாது. பண்ணையின் உப்புநீர் அடுத்த வயலில் ஊறி நெல் பாழாவதாக முறையீடு வந்தால், அப்பண்ணை பதிவு பெற்றதா என்று முதலில் கேட்கும் உரிமை ஊராட்சிக்கு உண்டு. பிழைப்புக்காகப் பண்ணை வைத்திருப்போர் நம் ஊராரே ஆதலால், இதனைப் பகையாக வளர்க்காமல் பேசித் தீர்ப்பதே முறை.

ஊராட்சியின் கையில் இருப்பவை

கழியும் காடும் வனத்துறைக்குரியவை, ஆறு நீர்வளத்துறைக்குரியது, நமக்கு அங்கே என்ன வேலை என்று ஓர் ஊராட்சித் தலைவர் என்னிடம் கேட்டார். கழிக்குச் செல்லும் வடிகாலின் கடைசி இரண்டு கல் தொலைவு பெரும்பாலும் ஊராட்சியின் எல்லைக்குள்தான் கிடக்கிறது. அதில் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக்கொண்டால் இரண்டு கேடு விளைகிறது: ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் மூழ்குகிறது, கழிக்கு வேண்டிய நன்னீர் உரிய நாளில் சென்று சேர்வதில்லை. ஆதலால் ஆவணி, புரட்டாசிக்குள் வடிகாலைச் சுத்தம் செய்வது உழவனுக்கும் மீனவனுக்கும் ஒருங்கே பயன் தரும் பணி. வாரிய மண்ணைக் கரையின் வெளிப்புறம் கொட்டவேண்டும். ஓடையின் வாயில் குவித்துவிட்டு வந்தால் அதுவே புதிய அணையாகிவிடும். ஒரு சாண் மேடு என்ன செய்யும் என்பதை முன்னரே கண்டோம்.

வயலில் அடிக்கும் பூச்சிமருந்தும் வடிநீரோடு கழிக்கே செல்கிறது. இறாலும் பூச்சிகளும் உடலமைப்பில் நெருங்கிய உறவுடையவை. பூச்சியைக் கொல்லும் மருந்து இறால் குஞ்சையும் கொல்லும். மழை வரும் அறிகுறி தெரிகையில் மருந்தடிப்பதைத் தள்ளிப்போடுவதும், மருந்து அடித்தவுடன் மடையைத் திறந்துவிடாமல் சில நாள் நீரைக் கட்டி வைப்பதும் எவர்க்கும் செலவில்லாதவை. அடித்த மருந்தின் பலனும் வயலுக்கே கிடைக்கும். காலியான மருந்துப் புட்டிகளை வாய்க்காலில் கழுவும் வழக்கத்தையும் நிறுத்தவேண்டும்.

கடலோர ஊராட்சிகளில் சாலைக்கோ இடுகாட்டுக்கோ பாதை போடும்போது, ஓதநீர் ஓடும் சிற்றோடையைக் குறுக்கே மண்ணால் அடைத்துவிடுவது அடிக்கடி நிகழ்கிறது. ஓடையில் எந்நேரமும் நீர் இல்லாததால் அதனைப் பள்ளமென்றே எண்ணிவிடுகிறார்கள். மதிப்பீடு தயாரிக்க ஓவர்சியர் வரும் நாளில், பௌர்ணமியோ அமாவாசையோ ஒட்டிய ஒரு நாளாகப் பார்த்து வரச்சொல்லுங்கள். அன்று ஓதம் உயர்ந்து ஏறும். எவ்வளவு நீர் எந்த வழியாகப் போகிறதென்று நின்று பார்த்தால், எத்தனை குழாய் போடவேண்டும், எந்த மட்டத்தில் போடவேண்டும் என்பது அவருக்கே விளங்கிவிடும். அவ்வூர் மீனவரில் வயது முதிர்ந்த ஒருவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.